மந்திரித்த தண்ணீர்

என் அலமாரியில் தஸ்பீஹ் மணியும் அத்தர்ப் புட்டியும் வைக்கிற தட்டிலேயே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ஈய மூடி, மூடியின் மேல் ஒரு சிலுவை. உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீர் காய்ந்து பல காலம் ஆகிவிட்டது. பெருநாளுக்கு வீடு துடைக்கும்போதெல்லாம் என் மருமகள் அதை எடுத்துத் துணிமணிக்குப் பின்னால் ஒளித்து வைப்பாள். விருந்தாளிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கவலை. அவள் அந்தப் பக்கம் போனதும் நான் குப்பியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். இப்படி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

குப்பி மிஸ்ஸியுடையது. முதல் உலகச் சண்டை முடிந்த வருஷங்களில் பினாங்கில் பிரசவம் பார்க்கிற நர்ஸை எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம், மலாய்க்காரர்களும் அப்படித்தான். எங்கள் மிஸ்ஸி தமிழ் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். வெள்ளைச் சேலை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், கையில் ஒரு தோல் பெட்டி. ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போதே எந்த வீட்டுச் சாக்கடை நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். கார்பாலிக் சோப்பால் கையைத் தேய்க்காமல் பிரசவ அறைக்குள் யாரும் நுழைய முடியாது, என் மாமியாரே ஆனாலும்.

நான் சூலியா தெருவுக்குப் பின்சந்தில், ஒரு மாடி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். கீழே என் வீட்டுக்காரரின் மசாலாச் சாமான் கடை. எங்கள் முதல் பிள்ளை பெண். பிறந்த வாரத்திலேயே மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் தங்கியதிலிருந்து மாமி என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். காலையும் மாலையும் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவார். குடித்துக் குடித்து உள்ளே பிள்ளை நீந்திக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு முற்பகலில் பிள்ளை பிறந்தது. அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. மிஸ்ஸி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார், சளியை எடுத்தார், வாயில் ஊதினார். ஒன்றும் நடக்கவில்லை. இதுவும் போகிறது என்று நினைத்தேன். அழக்கூட எனக்குத் தெம்பில்லை. அப்போதுதான் மிஸ்ஸி பெட்டியிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தார். பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. ஊற்றிய கையோடு மறுபடி வாயில் ஊதினார். பிள்ளை ஒரு விக்கல் விக்கி, வீல் என்று கத்தியது.

சத்தம் கேட்டு மாமி ஓடிவந்தார். ஈரத் தலையைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார்.

“என்ன தண்ணி அது?”

மிஸ்ஸிக்குப் பொய் சொல்ல வராது. “மந்திரிச்ச தண்ணிம்மா. பிள்ளை போயிருமோன்னு பயந்துட்டேன்.”

வேதக்காரர்களுக்கு மந்திரித்த தண்ணீர் என்றால் மாதா கோவிலில் சாமியார் ஜெபித்துக் கொடுக்கிற தீர்த்தம். மாமியின் காதில் அது சூனியம் என்று விழுந்தது. “ஐயோ, என் பேரனுக்கு மந்திரம் வச்சிட்டாளே!” என்று அவர் போட்ட கூச்சலில் கீழே சீரகம் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். ஆறு மாதமாக எனக்கு ஓதின தண்ணீர் புகட்டியவர் இவர்தான். மிஸ்ஸி பதறிப்போய், சூனியம் இல்லையம்மா, ஞானஸ்நானம் என்று விளக்கினார். அந்த விளக்கம் இன்னும் வினையாகப் போயிற்று. சூனியம் என்றாலாவது எடுத்துவிடலாம்; பிள்ளையையே வேதத்தில் சேர்த்துவிட்டால் என்ன செய்வது?

பிள்ளையின் காதில் பாங்கு என்கிற தொழுகை அழைப்பைச் சொல்ல என் வீட்டுக்காரர் தொப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாமி அவரைத் தடுத்துவிட்டார். முதலில் லெப்பையைக் கேட்க வேண்டும், இந்தப் பொம்பிளை இனி நம் ஆட்கள் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது, தெரு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்றார். மிஸ்ஸி சுவரோரமாக நின்றார். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சந்தோஷப்பட அந்த வீட்டில் எனக்கு மட்டுந்தான் நேரம் இருந்தது.

லெப்பை வந்து படிக்கட்டில் நின்றார். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பொறக்குற பிள்ளை எல்லாம் முஸ்லிமாத்தாம்மா பொறக்குது. தண்ணி பட்டா அழுக்குதான் போகும், ஈமான் போகாது. பாங்கச் சொல்லுங்க தம்பி.”

வலது காதில் பாங்கு, இடது காதில் இகாமத். ஏழாம் நாள் முடி இறக்கி யூசுப் என்று பெயர் வைத்தோம். மிஸ்ஸி வராவிட்டால் பிள்ளையை யாரும் குளிப்பாட்ட வேண்டாம் என்று நான் ஒரே பிடியாக நின்றதில் மாமி இறங்கிவந்தார். ஆனால் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு.

குளிப்பாட்டுகிற நேரத்தில் நாங்கள் பேசாத விஷயம் கிடையாது. எங்களுக்கும் மரியம் பீவி உண்டு, அவருக்குத் தகப்பனில்லாமல் பிறந்த ஈசா நபியும் உண்டு, உங்கள் இயேசுதான் அவர் என்று சொன்னபோது மிஸ்ஸிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவர் நபிதான், அல்லாவுக்குப் பிள்ளை கிடையாது என்றதும், “அங்கதான் தங்கச்சி இடிக்குது” என்பார். அதற்கு மேல் இருவரும் போகமாட்டோம். அவர்களுடைய நோன்பு நாளில் மீன் சாப்பிடலாமாம். மீன் குழம்போடு என்ன நோன்பு என்று கேலி செய்தேன். “மக்ரிபுக்கு நோன்பு தொறந்த அப்புறம் உங்க வீட்டுச் சட்டியப் பாத்தவ நான், என்கிட்டயா?” என்றார்.

ஒருநாள், ஏன் மிஸ்ஸி அன்றைக்கு அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆதாம் செய்த பாவம் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளை மேலும் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால்தான் அது போகும், ஊற்றாமல் செத்தால் பிள்ளைக்கு மோட்சம் இல்லை. சாவு நெருங்கினால் சாமியாருக்குக் காத்திராமல் யாரும் ஊற்றலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்களில் ஆதம் நபி செய்த தப்பு அவரோடு போயிற்று. அவர் மன்னிப்புக் கேட்டார், அல்லா மன்னித்துவிட்டான். பால்கூடக் குடிக்காத பிள்ளைக்கு என்ன பாவம் என்றேன்.

மிஸ்ஸி யூசுப்பின் கழுத்து மடிப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு. ஆம்பளப் பிள்ள. தண்ணி ஊத்துறதுக்குள்ள போயிருச்சு. கல்லறைத் தோட்டத்து மந்திரிச்ச மண்ணுல எடம் இல்லன்னுட்டாங்க. வேலிக்கு வெளிய பொதைச்சோம்.” அதற்குப் பிறகுதான் அந்தக் குப்பி பெட்டிக்குள் வந்ததாம்.

“சின்னப் பிள்ளைங்க நேரா சொர்க்கத்துக்குத்தான் மிஸ்ஸி. வாசல்ல நின்னுக்கிட்டு, உம்மா வராம உள்ள போகமாட்டேன்னு அடம் பிடிக்குமாம். என் மக நிக்கிறா.”

“அது உங்க பிள்ளைங்களுக்கு.”

“பொறக்குற பிள்ளை எல்லாம்னு லெப்பை சொன்னத நீங்களும்தானே கேட்டீங்க? பேரு என்ன பிள்ளைக்கு?”

“பேரு வைக்கலையே.”

“வைங்க. அங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாம்.”

மிஸ்ஸி செம்பை எடுத்தார். கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் ஊற்றினார்; பிள்ளை கத்தினான். அவர் தன் கோவிலை விடவில்லை, பூசைக்குப் போகாமலும் இருந்ததில்லை. நான் சொன்னதை மறுக்கவும் இல்லை.

ஆனால் அதன் பிறகு யூசுப்பை சூசை என்றே கூப்பிட ஆரம்பித்தார். வேதக்காரர்கள் வழக்கில் யூசுப்புக்கு அதுதான் பெயர். “யூசுப்னு சொல்ல வாய் நோகுதா?” என்று மாமி திட்டுவார். யூசுப் இரண்டு பெயருக்கும் ஓடுவான். நானும் பழக்கதோஷம் என்றுதான் நினைத்திருந்தேன்.

வேலையை விட்டு, அக்கரையில் தாசேக் கெலுகோரில் தங்கை வீட்டோடு போய்விடுவதாகச் சொல்ல வந்த அன்று மிஸ்ஸி குப்பியை என் கையில் வைத்தார். “நீயே வச்சுக்க தங்கச்சி. என் மவனுக்குப் பேரு வச்சிட்டேன்.” என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகனை இத்தனை நாளும் எந்தப் பெயரால் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டிக்கொண்டு அழுதேன்.

மிஸ்ஸி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. இந்தப் பெருநாளுக்கும் யூசுப்பின் பெண்டாட்டி குப்பியை ஒளித்தாள், நான் எடுத்து வைத்தேன். எனக்கும் அழைப்பு வருகிற வயசுதான். வாசலில் என் மகள் நிற்பாள். அவள் பக்கத்தில் ஒரு பையன் நின்றால், சூசை என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மிஸ்ஸி ஏற்கெனவே வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ரொம்ப நல்லது.