வெள்ளிக்கிழமை எஞ்சினுக்கு ஒரு ஃபில்டர்

என் வீட்டு வாசலில், சப்பாத்து அலுமாரிக்கு மேலே, பிரிக்காத ஒயில் ஃபில்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ தேயிலைப் பெட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். கார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறவள் கடையையும் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள் என்று என் கணவர் கேலி செய்வார். எங்கள் காருக்கு அந்த ஃபில்டர் பொருந்தாது. அதை மாட்ட வேண்டிய கார் இப்போது இல்லை. அதை வாங்கிய பெரியப்பாவும் போன குளிர்காலத்தோடு இல்லை.

சுவிஸில், ஊஸ்டரில் நான் வேலைக்கு நிற்கிற கடைக்குப் பெரியப்பா, அதாவது என் அப்பாவின் தமையன், ஒவ்வொரு வருடமும் பனி விட்ட பிறகு ஒரு சனிக்கிழமை வருவார். நல்ல உயரமான மனிதர். உணவகச் சமையலறையில் காலமெல்லாம் குனிந்து நின்றும் முதுகு வளையாதவர். வந்ததும் காரின் பதிவுப் பத்திரத்தை மேசையில் வைப்பார். அதிலுள்ள இலக்கத்தைக் கணினியில் தட்டினால் அந்த எஞ்சினுக்குப் பொருந்துகிற ஃபில்டர்கள் வரிசையாக வரும். சலிக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்வார்.

ஒயில் ஃபில்டர் வாங்குவதைக் கத்தரிக்காய் வாங்குவது போல நினைக்கிறவர்கள்தான் அதிகம். அளவு சரியாக இருக்கிறது, மரை ஏறுகிறது, போதும் என்று போய்விடுவார்கள். மரை ஏறிவிட்டதாலேயே ஃபில்டர் பொருந்திவிட்டது என்று ஆகாது. உள்ளே மடித்து வைத்திருக்கும் கடதாசி நல்லதாக இருக்க வேண்டும். அந்தக் கடதாசி அடைபட்டால் ஒரு வால்வு திறந்து வடிகட்டாத எண்ணெயையாவது எஞ்சினுக்குள் விடும். அது சரியான அழுத்தத்தில் திறக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைக்கும் ரப்பர் மடல் முக்கியம். மலிவான ஃபில்டர்களில் அந்த ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். பெரியப்பா கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான்.

“பிள்ளை, நிக்கிற நேரத்திலை எண்ணெய் கீழை இறங்காததாப் பாத்துத் தா.”

“கார் என்ன மாதிரி பெரியப்பா?”

“வடிவா நிக்குது.”

அது அவருடைய கார் அல்ல, அக்காவின் கார். பெரியப்பாவின் ஒரே மகள். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலைக்குச் சேர்ந்து, தன் உழைப்பில் வாங்கிய சின்ன நீலக் கார். எதிரில் வருகிறவனைச் சுவிஸ் ஜெர்மனில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓட்டுவாள். முப்பது வயதுகூட ஆகவில்லை, இரத்தப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. கடைசிப் பரிசோதனைக்குத் தானே ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, கட்டடத்தின் நிலத்தடிக் கராஜில் காரை நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவள் ஏறியது அம்புலன்ஸில்தான். பெரியப்பா காரை விற்கவில்லை. இந்த நாட்டில் ஒரே இலக்கத் தகட்டை இரண்டு கார்களுக்கு மாற்றி மாற்றிப் பாவிக்கலாம். அப்படிப் பதிந்து அதைத் தன் காருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இடைக்கிடை தகட்டை மாற்றி ஓடுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு வருடம், முந்தின தடவை மாற்றியபோது கழற்றி வைத்திருந்த பழைய ஃபில்டரைக் கடைக் கழிவுத் தொட்டியில் போடுவதற்காகப் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். வாயைக் கவிழ்த்தபோது கறுத்த எண்ணெய் வழியவில்லை. பாலாடை போல வெளிறிய ஒரு களி வழிந்தது. எண்ணெயோடு தண்ணீர் கலந்தால்தான் அப்படி வரும். என்ன செய்கிறீர்கள் என்று விடாமல் கேட்ட பிறகு மெல்லச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைதோறும் முழுகிவிட்டுக் கீழே போய், காருக்குத் திருநீறு பூசி, முன்சில்லுக்கு ஒரு தேசிக்காய் வைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவாராம். மூடிய கராஜில் புகை கூடாது என்று கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்வார்ட் முதலில் முகம் சுழித்திருக்கிறார். அவருக்கும் அக்காவைத் தெரியும் என்பதால் பிறகு கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

“ஊரிலை பெற்றோல் இல்லாத காலத்திலை வாகனங்களை அப்பிடித்தானே காப்பாத்தினனாங்கள். கிழமைக்கு ஒருக்கா உயிர் குடுக்கோணும்.”

யாழ்ப்பாணத்து வெயிலில் அது சரியாக இருந்திருக்கலாம். இங்கே குளிர்ந்த கராஜில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடி நிற்கிற எஞ்சின் சூடேறுவதில்லை. உள்ளே கட்டும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயில் இறங்கிவிடும். எண்ணெயையும் அவர் எண்ணெய் அளவுகோல் இறங்கும் துளை வழியே மேலிருந்து உறிஞ்சித்தான் மாற்றியிருக்கிறார். அடியில் படிந்த களி வருடா வருடம் அங்கேயே தங்கிவிட்டது. உலகத்திலேயே நல்ல ஃபில்டரைப் போட்டாலும் அதற்கு மருந்தில்லை. அவர் காப்பாற்றிய விதமே அந்த எஞ்சினைக் கொன்றுகொண்டிருந்தது. இதை ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

“பெரியப்பா, உந்தக் காரை நல்லாச் சூடேற ரோட்டிலை ஓடோணும். இல்லாட்டி எஞ்சின் போயிடும்.”

அவர் அந்த வருடத்து ஃபில்டரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாசம் வைத்த காரை வெளியே கொஞ்சம் ஓட்டிவர என்ன கஷ்டம் என்று அம்மாவிடம் புறுபுறுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அந்தக் கராஜுக்குப் போனேன். பெரியப்பா காருக்குள் இருந்தார். இருந்தார் என்று சொல்வது தப்பு, மடங்கிக் கிடந்தார். முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, தலை கூரையில் முட்ட, ஒரு கையால் மட்டும் சாவியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். இருக்கை முன்னால் தள்ளியபடியே இருந்தது. அக்கா தன் உயரத்துக்குத் தள்ளி வைத்த இடம். அவள் போன பிறகு அதை அவர் விரற்கடை அளவுகூட நகர்த்தவில்லை. நகர்த்தாமல் அவரால் அந்தக் காரை ஓட்ட முடியாது. அவர் ஏன் தெருவுக்கு எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணாடியில் தட்டினேன்.

“இறங்குங்கோ. நான் ஓடுறன்.”

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். சின்ன வயதில் அக்கா போட்டுக் கழித்த உடுப்புகளைப் பெரியம்மா எனக்குத்தான் தருவா. நான் வளர்ந்த பிறகும் அவள் சட்டை ஒன்றையும் தைத்துச் சிறிதாக்க வேண்டியிருக்கவில்லை.

“ஓம். நீ அவளின்ரை அளவுதான்,” என்றார்.

தன் காரில் இருந்த தகட்டைக் கழற்றி இதில் மாட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். கால் தானாகப் பெடலில் போய் நின்றது. பின்கண்ணாடியைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பெரியப்பா பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். ஹின்வில் பக்கம் போகும் ஓட்டோபான் விரைவுச்சாலையில் ஏறி வேகம் பிடித்தபோது ஒருவன் குறுக்கே வெட்டினான். நான் என்னையறியாமல் ஜெர்மனில் ஏதோ திட்டிவிட்டேன். பெரியப்பா சிரித்தார். அக்கா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு பேசத் தொடங்கினார். அவள் முதன்முதலில் அவரை இதில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனது, வழி தவறியது, தவறவில்லை என்று சாதித்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். கார் உள்ளே சூடாகியிருந்தது. சரி, இனிக் கிழமைக்கு ஒருமுறை நானே வந்து ஓடலாம் என்று மனதில் கணக்குப் போட்டுவிட்டேன்.

அப்போதுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் அழுத்தம். அடியில் இறுகிக் கிடந்த களி சூட்டில் இளகிப்போய், எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்திருக்க வேண்டும். ஃபில்டருக்கே எண்ணெய் வராவிட்டால் எந்த வால்வு திறந்து என்ன பயன்? ஓரத்துக்குத் திருப்புவதற்குள் எஞ்சின் இரும்பால் இரும்பை அடிப்பது போலச் சத்தம் போட்டு நின்றது. பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார், அது அவருக்குப் போதுமாயிருந்தது.

தடுப்புக்கு வெளியே புல்லில் நின்றோம். இழுவை வண்டி வந்தது. அதை ஓட்டி வந்தவர் பெரிய உடம்புக்காரர், மரியாதையானவர். காரை மேலே ஏற்றும்போது உள்ளே ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். நான் ஓடிப்போய், நானே உட்காருகிறேன் என்று கெஞ்சினேன். மன்னிக்க வேண்டும், விதி விடாது என்று சொல்லிக்கொண்டே அவர் கதவைத் திறந்து, குனிந்து, இருக்கைக்கு அடியிலிருந்த கம்பியைத் தூக்கினார். இருக்கை ஒரே இழுவையில் கடைசி வரை பின்னால் போய்க் கடக் என்று நின்றது. தெருவில் அவ்வளவு வாகனம் போய்க்கொண்டிருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும். நான் திரும்பி வந்து பக்கத்தில் நின்றபோது அவர் என்னை ஆறுதல்படுத்துவது போலத்தான் சொன்னார்.

“பெரிய மனிசன் பிள்ளை. அதுக்குள்ளை அவனும் இருக்கத்தானே வேணும்.”

காரை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரியப்பா கடைப்பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முழுகிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விறாந்தையில் நிற்கிறார் என்று பெரியம்மா சொன்னா. உண்மையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த எஞ்சின் இன்னும் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இருமிக்கொண்டு கிடந்திருக்கும். ஆனாலும் அன்று அவர் சிரித்ததையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு யார்மேல் கோபம் என்று இன்றும் தெரியவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு காலையில் அவர் எழும்பவில்லை. அவருடைய அலுமாரியை ஒதுக்கியபோது, கடைசியாக வாங்கி மாட்டாமலே இருந்த அந்தப் பெட்டியைப் பெரியம்மா என்னிடம் தந்தா.

“உங்கடை கடைச் சாமான்தானே. திருப்பிக் குடு.”

திருப்பிக் கொடுக்கலாம், பிரிக்காத பெட்டி. போன கிழமை ஒருவர் வந்து பதிவுப் பத்திரத்தை மேசையில் வைத்தார். இலக்கத்தைத் தட்டினேன், அதே எஞ்சின். நல்லதாக ஒன்று தாருங்கள், கார் அதிகம் ஓடுவதில்லை என்றார். கடையில் இருப்பு இல்லை, என் வீட்டு வாசலில்தான் ஒன்று இருந்தது. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஃபில்டர் வர இரண்டு நாளாகும் என்றும் சொன்னேன்.