வாய் திறக்காத தாலாட்டு

ஐவி தன் இளமையையெல்லாம் தேயிலை ஃபெக்டரியில் கழித்தவள். ரோலர் இயந்திரங்களின் இரைச்சல் அவள் காதைக் கெடுத்துவிட்டது. செவிடாகவில்லை. சின்னச் சத்தம்கூட ஊசியாய் இறங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சர்ச் நடத்திய பகல் பராமரிப்பு நிலையத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

அங்கே வந்தவர்கள் சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள். மூத்தவள் கிருஷாந்தி. இருபதை நெருங்கியவள், பேச்சு வராது.

பொறுப்பாக இருந்த அனோஜா டீச்சர், பாட்டுப் போட்டால் பிள்ளைகள் அமைதியாவார்கள் என்று நம்பினாள். ஒரு காலை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டாள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார்கள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த ஐவி அதை நிறுத்தினாள்.

"தபேலா தட்டுறப்பெல்லாம் நெத்தியில அடிக்கிற மாதிரி இருக்கு டீச்சர். எனக்கே இப்பிடின்னா அதுகளுக்கு?"

"அப்ப நீங்களே பாத்து எடுங்களேன் ஐவி அக்கா," என்றாள் அனோஜா.

ஐவி எடுத்துப் பார்த்தாள். பஜனையில் ஜால்ரா குத்தியது. சர்ச் கீதங்கள் மெதுவாகத் தொடங்கின, முடிவில் எல்லோருமாகக் கத்தினார்கள். புல்லாங்குழல் திடீரென்று கீச்சிட்டது. ஒற்றை வாத்தியமாக இருக்க வேண்டும், தாளம் கூடாது, ஏறி இறங்கக் கூடாது, எப்போது தொடங்கியது என்றே தெரியாமல் தொடங்க வேண்டும் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. அப்படி ஒன்று ஃபோனில் கிடைக்கவில்லை. கொட்டகலையில் கடை வைத்திருக்கும் தம்பி சுகந்தனைக் கூப்பிட்டாள். அவன் சர்ச்சில் வயலின் வாசிப்பவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். ஆளில்லாத கூடத்தில், மூடிய ஜன்னல்களில் பனி ஒட்டிக்கொண்டிருக்க, ஐவியின் ஃபோனைப் பதிவில் வைத்துவிட்டுக் கீழ்த்தந்திகளில் மட்டும் வாசித்தான். தன் மூச்சுகூடப் பதிவாகிவிடக் கூடாதென்று ஐவி வாசற்படிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஸ்பீக்கரில் சன்னமாகப் போட்டபோது பிள்ளைகளுக்கு அந்த இசை பிடித்தது. மேசைக்கடியில் கிடந்தவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால் பாதியில் ஓர் இடம் வந்ததும் கிருஷாந்தி எழுந்துபோய், பூட்டிக் கிடந்த சாமான் அறையின் கதவில் காதை வைத்து உட்கார்ந்தாள். மறுநாளும் அதே இடத்தில் எழுந்தாள். வாரம் முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் அந்த இடம் வந்தவுடன் தலையைத் திருப்பிக் கதவையே பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் பயமில்லை.

அனோஜாவுக்கு அந்த இடத்தில் வயலினைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ஐவி ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டாள். வயலினுக்கு அடியில் ஒரு பெண் குரல் இருந்தது. சொல் இல்லை. வாயை மூடிக்கொண்டு இழுக்கும் "ம்ம்ம்" மட்டும்.

தம்பியை மறுபடி வரவழைத்தாள்.

"அன்னைக்கு உன்கூட யாருடா இருந்தா?"

"யாருமில்லக்கா. நீயே வாசல்லதான இருந்த?"

அவனும் கேட்டான். முடியும்வரை கேட்டுவிட்டு ஃபோனைக் கீழே வைத்தான். "நான் வில்ல எடுத்த பெறகும் அது ஓடுதுக்கா," என்றான். தேத்தண்ணி குடிக்காமலே பஸ் ஏறிவிட்டான்.

வேலியோரம் புல் வெட்டிக்கொண்டிருந்த காவலாளி ஆண்டியப்பனிடம் ஐவி விசாரித்தாள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர்.

"இது பழைய பிள்ளைக் காம்பரா தாயி. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க கைப்பிள்ளைய விட்டுட்டுப் போற எடம். அந்தச் சாமான் அறையிலதான் தொட்டில் கட்டியிருக்கும். மீனம்மான்னு ஒருத்தி பாத்துக்கிட்டா. தகரத்துல மழை அடிச்சா பிள்ளைங்க வீறிடும்ல? அவ பாடமாட்டா. வாயத் தொறக்காம இழுத்துக்கிட்டே இருப்பா."

"இப்ப எங்கண்ணே இருக்காங்க?"

"அந்த அறையிலயே போயிட்டா. அந்தி சாயப் பொம்பளைங்க வந்தப்ப செவத்துல சாஞ்சு வெறைச்சுப்போய் இருந்தாளாம். பிள்ளைங்க அத்தனையும் தூக்கம். அவ உசுரு போயி ரொம்ப நேரம் ஆச்சு, ஆனா அந்தச் சத்தம் மட்டும் நிக்கலன்னு எங்கம்மா சொல்லும்."

ஐவி சிலுவை போட்டுக்கொண்டாள். விஷயம் தெரிந்த அனோஜா அந்தப் பதிவை அன்றே அழித்துவிட்டாள்.

ஆனி மாதக் காற்று மழை வந்தது. ஒரு பகல் மின்சாரம் போய், தகரக் கூரை அதிர்ந்தது. பிள்ளைகள் அலறினார்கள். ஒருவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். அவனைப் பிடிக்கப்போன அனோஜாவும் அழுதாள். ஐவிக்குத் தன் மண்டையே பிளந்துவிடும் போலிருந்தது. அப்போது கிருஷாந்தி அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கயா புள்ள?"

கிருஷாந்தி கையை விடவில்லை. ஐவி சாமான் அறையின் கதவைத் திறந்தாள். அரிசி மூட்டைகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே பிள்ளைகள் தாமாகப் போய் உட்கார்ந்தார்கள். அழுகை அடங்கியது.

வேறெதுவும் தோன்றாமல் ஐவி உதட்டை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தாள். மூச்சு முட்டியது. நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை.

முதுகுப்பக்கச் சுவரிலிருந்து, தணிந்து, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடிவிடத்தான் கால்கள் துடித்தன. ஆனால் கிருஷாந்தி அவள் மடியில் தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தாள். மழை விடும்வரை ஐவி அசையவில்லை.

இப்போது அந்த அறையில் மூட்டைகள் இல்லை. பாய் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த துணி போட்டிருக்கிறாள். ஸ்பீக்கரை அதற்குள் கொண்டுபோவதில்லை. அனோஜாவும் வாசலோடு நின்றுகொள்வாள். காலையில் கதவைத் திறக்குமுன் ஐவி மெதுவாக இரண்டு விரலால் தட்டி, "பிள்ளைங்கள கூட்டிட்டு வாறேங்கக்கா," என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் காத்து நிற்கிறாள்.