கொலைகாரப் பொம்மைக்குக் கண் திறந்த நாள்

புளியங்கொட்டைப் பசை கொதிக்கும் வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. புளிப்பும் ஈரக் காகிதமும் கலந்த வாடை. எழுந்து இரண்டு தெரு நடந்துவிட்டு வந்தால்தான் அடங்கும். இருபத்திரண்டு வயதில் நாள் முழுக்க அந்த வாடைக்குள் உட்கார்ந்து பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினேன். காஞ்சிபுரத்தில், ராஜம்மா நடத்திய காகிதக்கூழ் பொம்மைப் பட்டறையில். எழுபதுகளின் தொடக்கம். அப்போதும் நான் ஓரிடத்தில் நிற்காதவன்தான். மெட்ராஸ் பஸ் ஹாரன் அடித்தால் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

புதிதாகப் பிரஷ் பிடிக்கிறவர்கள் அந்த சினிமா ஆர்டரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நடந்தது இதுதான்.

1. மூன்று வாய்

சினிமா கம்பெனியிலிருந்து ஆர்ட் டைரக்டர் பாலு வந்தார். நின்றபடியே கதை சொன்னார். பட்டுக்கடை முதலாளி ஒருவர் செத்துப்போகிறார். அவருடைய ஆவி வீட்டுக் கொலுவில் இருக்கும் தொந்திச் செட்டியார் பொம்மைக்குள் புகுந்துகொள்கிறது. சொத்துக்கு அடித்துக்கொள்ளும் வாரிசுகளைப் பொம்மை கத்தரிக்கோலால் ஒவ்வொருவராகக் குத்துகிறது.

"மூணடி ஒசரம் இருக்கணும்பா. பாத்தா ஜனம் அலறணும். அலற வெச்சிட்டேன்னா திங்கக்கிழமையே கோடம்பாக்கம் வந்துடு. நம்ம டிபார்ட்மென்ட்ல சேத்துக்கிறேன்."

அன்றிலிருந்து தூக்கம் போனது. பட்டறைச் சுவரில் இருந்த காலண்டரில் எனக்குத் திங்கட்கிழமைகள் மட்டுமே தெரிந்தன.

முதலில் வாயில் கோரைப்பல் வைத்தேன். ராஜம்மா எட்டிப் பார்த்தாள். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேக்குறாப்ல இருக்குது நைனா." வெள்ளைப் பூச்சு அடித்துக் காயவைத்து, புருவத்தை நெரித்து இன்னொரு வாய் வரைந்தேன். "பாவம், பல்லுவலி." மூன்றாவதாக ரத்தம் ஒழுகும் உதடு. ராஜம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "மறுவீட்டு விருந்துக்கு வந்த மாமனாரேதான்!"

குற்றம் கையுடையது. கொலுப் பொம்மைகளுக்கு இழுத்து இழுத்து, உதட்டுக் கோடு முடியும் இடத்தில் என் பிரஷ் தானாக மேலே தூக்கும். இழுத்துப் பிடித்தாலும் அந்தக் கடைசி நூலளவில் அது சிரித்துவிடும்.

கண் இன்னும் வரையவில்லை. எங்கள் பட்டறையில் கண் கடைசி வேலை. குளித்துவிட்டு வந்துதான் கண் திறப்போம். அதுவரை பொம்மைகள் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும். கண்ணுக்குப் பதில் வெறும் வெள்ளைக் குமிழோடு இருக்கும் முகங்களைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அது சாதாரணம்.

2. பத்தரை மணிக் கார்

படப்பிடிப்பு பிள்ளையார்பாளையத்தில், ஏகாம்பரம் என்ற நெசவாளர் வீட்டில். அமாவாசையன்று தறி ஓட்டமாட்டார்கள். அந்த ஒரு நாளுக்குத்தான் வீட்டைக் கொடுத்திருந்தார். அது வெள்ளிக்கிழமை. நான் குளித்துவிட்டுக் கருப்பு மையைக் குழைத்துக்கொண்டிருக்கும்போதே பத்தரை ஆகிவிட்டது. ராகு காலம் தொடங்கிவிட்டது. வாசலில் கம்பெனிக் கார்.

ராகு காலத்தில் கண் திறக்கக் கூடாது. கண் திறக்காத பொம்மை வாசல் தாண்டவும் கூடாது. காரோ ஓயாமல் ஹாரன் அடித்தது.

ராஜம்மா கடைசியில் இறங்கி வந்தாள். "எடுத்துக்கினு போ. பன்னெண்டு அடிச்சதும் அங்கியே கண்ணைத் தொறந்துடு. குருட்டுப் பொம்மையா உட்டுட்டு வந்தே, இந்தப் பக்கம் தலை காட்டாதே."

ஏகாம்பரத்தின் தறியில் நெசவாளி கால் தொங்கவிட்டு மிதிக்கும் குழிக்குள் பொம்மையை நிறுத்தினார்கள். மேலே ஒரு துணி. ஒத்திகையில் கதாநாயகி துணியை இழுத்தார்.

அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை. வசனம் சொல்லவில்லை, ஓடியே போய்விட்டார். விளக்குப் பிடித்தவர் இரண்டடி பின்னால் போனார். சிரித்த வாய், மழித்த கன்னம், காதில் கடுக்கன், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குமிழ்.

"கண்ணே வேணாம்யா!" என்று கத்தினார் டைரக்டர். "இப்படியே எடுத்துடலாம். சாப்பாடு முடிச்சுட்டு வாங்க."

பாலு என் தோளை அமுக்கினார். "ஜெயிச்சுட்டே. திங்கக்கிழமை."

3. சாப்பாட்டு வேளை

எல்லோரும் கொல்லைப்புறம் இலை போட்டு உட்கார்ந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. தறிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ராஜம்மாவின் மிரட்டலைவிட வேறொன்று குடைந்தது. பாடுபட்டு வரைந்த மூன்று வாய்க்கும் ராஜம்மா சிரித்தாள். வரையாமல் விட்டதற்கு ஜனம் அலறுகிறது. வரையாததைக் காட்டியா வேலைக்குப் போவது? கண்ணும் வைத்து, அப்போதும் அலறினால் அது என் வேலை.

பன்னிரண்டு தாண்டியிருந்தது. குழிக்குள் இறங்கினேன்.

மேலே செருகிய கொலைகாரக் கண்ணைத்தான் மனதில் வைத்திருந்தேன். இமைக் கோடு சரியாகவே வந்தது. கருவிழியும் வந்தது. முடித்துவிட்டுக் கையை எடுக்கிற நேரத்தில், பிரஷ் வெள்ளையைத் தொட்டுக் கருவிழியில் ஒரு பொட்டு வைத்துவிட்டது. எல்லாப் பொம்மைக்கும் வைக்கிற பொட்டு. பொம்மை என்னை அன்போடு பார்த்தது. துணியைப் பழையபடி போர்த்திவிட்டு மேலே ஏறினேன்.

கேமரா ஓடியது. துணி விலகியது. மேலிருந்து ஆட்கள் கம்பியை இழுக்க, கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு குழியிலிருந்து பொம்மை மெல்ல எழுந்தது.

சிரிப்பை அடக்கத் திண்டாடி வாயைப் பொத்திக்கொண்டிருந்த யூனிட்டுக்கு நடுவே ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தார். "வாங்க சம்பந்தி! காப்பி சாப்புட்றீங்களா?"

கதாநாயகி சிரித்துச் சிரித்துத் தறிமேல் சாய்ந்துவிட்டார். டைரக்டர் தொப்பியைத் தரையில் அடித்தார். "எவன்யா கண்ணை வெச்சது?"

மறுபடி வெள்ளை அடித்தால் காய ஒரு நாள் ஆகும். மறுநாள் விடிந்தால் ஏகாம்பரம் தறியில் உட்கார்ந்துவிடுவார். டைரக்டர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். பிறகு, "சரி, சிரிச்சுக்கினே கொல்லட்டும்," என்றார். அழுகைக் காட்சிகளைக்கூட அன்று மாலைக்குள் சிரிப்புக் காட்சிகளாக மாற்றி எழுதினார்கள். படம் வந்தபோது ஜனம் கொலைக்குக் கொலை விழுந்து விழுந்து சிரித்தது. அது பிறகு நடந்தது.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். ஆர்டர் பிடிக்கும்போதே, உங்கள் பிரஷ் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். நான் திங்கட்கிழமைக்கு ஆசைப்பட்டு வாயைத் திறக்கவில்லை.

பொழுது சாயும்போது பொம்மையைக் காரின் பின்சீட்டில் ஏற்றினேன். பாலு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை வரட்டுங்களா?"

"வேணாம்பா. சினிமாவுல வேலையைப் பாதியில உடத் தெரியணும். உனக்கு அது வராது."

கார் நகர்ந்து நாலு வீடு தாண்டி நின்றது. ஓடினேன். பாலு கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார்.

"உன் தோள்ல இருக்கிற துண்டைக் குடு. இவன் மூஞ்சியை மூடிடறேன். மெட்ராஸ் வரைக்கும் என்னையே பாத்துக்கினு வருவான்பா."