மலை உச்சியில் வந்த மிஸ்ட் கோல்

நனைந்த கம்பளிக் காலுறையின் மணமும் டீசல் புகையும்... இரண்டும் சேர்ந்து மூக்கில் பட்டால் எனக்கு அந்த மலைதான் நினைவுக்கு வரும்.

இலங்கையில் சண்டை முடிந்த வருடத்துக் குளிர்காலம். மே மாதத்தில் இருந்து கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் டிவி ஓயவில்லை. என் மனைவி மல்லிகா சிரிக்கவும் இல்லை. அவளுடைய தம்பி சிவம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று தெரியும். குரலைத்தான் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் செய்தி வந்தது. அவனை வெளியே விட்டுவிட்டார்கள். வவுனியாவில் தெரிந்தவர் கடையில் இருந்து இரவில், கடை பூட்டுவதற்கு முன்னர், மிஸ்ட் கோல் கொடுப்பான். அது எங்களுக்குக் காலை நேரம். எந்த நாள் என்று மட்டும் தெரியாது.

அந்தக் காலத்தில் அதுதான் முறை. அங்கிருந்து ஒரே ஒரு தரம் மணி அடித்துவிட்டு வைப்பார்கள். நாங்கள் கோலிங் கார்ட்டைச் சுரண்டி, அதில் இருக்கும் நீளமான நம்பரை அடித்து, திருப்பி எடுக்க வேண்டும்.

மல்லிகா போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்துவிட்டாள். ஒவ்வொரு காலையும் அப்படித்தான்.

என்னோடு ஃபாக்டரியில் வேலை செய்த யோகன் ஒருநாள் சொன்னான்: "அண்ணை, வடக்குப் பக்கம் ஒரு ஸ்கீ ரிசோர்ட் ஆக்கள் வராமல் படுத்துப்போய்க் கிடக்காம். சும்மா மாதிரி டிக்கெட் குடுக்கிறாங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

வீட்டில் சொன்னதும் மல்லிகா சீறினாள். "உங்களுக்கு விசரே? தம்பி எடுக்கிற நேரம் நான் பனிக்குள்ள சறுக்கிக்கொண்டு திரியிறதோ?"

"போன் கையிலதானே இருக்கும்? சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா மட்டும் கெதியா எடுப்பானோ? வெளிக்கிடும்."

இழவு விழுந்த வருடத்தில் உல்லாசப் பயணமா என்று சொந்தக்காரர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட ஒரு காலை வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்ததில்லை. அதை நான் மறக்கவில்லை. போனது சரி என்றுதான் இன்றும் சொல்லுவேன்.

மலை என்று சொன்னால் நுவரெலியா பார்த்தவர்கள் சிரிப்பார்கள். பெரிய மேடு, அவ்வளவுதான். கன்டீன் பூட்டியிருந்தது. பாதி லைட் எரியவில்லை. மேலே ஏற்றிப்போகும் லிஃப்ட்டின் கதிரைகள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. வால்டர் என்ற கிழவர் ஒருவரே டிக்கெட்டும் கிழித்து, சப்பாத்தும் கொடுத்து, லிஃப்ட் இயக்கவும் ஓடினார்.

ஸ்கீ பழக்கித் தரவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆங்கிலம், கார் திருத்துவது, எல்லாம் நானே பழகியவை. இதையும் பழகுவேன்.

சமதரையிலேயே விழுந்தேன். எழும்பினேன். விழுந்தேன்.

"அண்ணை, நிலம் உங்களை விடுகுதில்லைப் போல!" என்றான் யோகன். அவனும் படுத்தபடிதான் சொன்னான்.

அப்போதுதான் மல்லிகா கட்டிடத்துக்குள் இருந்து ஓடி வந்தாள். போனை ஆகாயத்தை நோக்கிப் பிடித்திருந்தாள்.

"இஞ்சருங்கோ... சிக்னல் இல்லை! ஒரு கோடும் இல்லை! அவன் அடிச்சாலும் வராது!"

வந்ததில் இருந்து அவள் பொத்திப் பிடித்திருந்தது செத்த போனை. அங்கே கடை பூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வால்டரிடம் போனோம். அவர் லிஃப்ட்டை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தார். எங்களோடு வந்த ஃபாக்டரி ஆட்கள் எல்லோரும் அடிவாரத்திலேயே உருண்டார்கள். மேலே போக ஆளில்லாமல் டீசலை எரித்து என்ன பயன்? டவர் மலைக்கு அந்தப் பக்கம், உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும் என்றார். ஸ்கீ பூட்டாதவர்களை ஏற்றுவதில்லை என்றும் சொன்னார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து, யார் எடுப்பார்கள் என்று கேட்டார்.

"பிரதர்," என்றாள் மல்லிகா. "வார்."

அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. அவர் லிஃப்ட்டை மெதுவாக்கி, கையைப் பிடித்து அவளைக் கதிரையில் இருத்தினார். நான் ஸ்கீயைக் கழற்றாமலே பக்கத்தில் ஏறினேன்.

உச்சியில் காற்று காதை அறுத்தது. போனில் ஒரு கோடு... இரண்டு கோடு. மணி அடிக்கவில்லை. கீழே எங்கள் இருவருக்காக மட்டும் வெறுங்கதிரைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வால்டர் நிறுத்தவில்லை.

ஒரு மணி அடித்து ஓய்ந்தது!

மல்லிகா கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். நான் கார்ட் நம்பரை வாசிக்க, விறைத்த விரலால் அடித்தாள். நம்பர் பிழையாகிவிட்டது. மறுபடி அடித்தாள்.

"தம்பி... சாப்பிட்டியோடா?"

"ஓம் அக்கா. முதலும் அடிச்சனான், போகேல்லை. அதென்ன இரைச்சல்?"

"காத்தடா. பனி மலைக்கு மேல நிக்கிறன். சறுக்க வந்தனாங்கள்."

அந்தப் பக்கம் சிவம் சிரித்தான். எனக்கே கேட்டது.

"நீயோ அக்கா? குளக்கட்டில ஏறவே பயந்து குழறினனீ!"

மல்லிகாவும் சிரித்தாள். சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி சிரித்தாள். கார்ட்டுக்குள் இருக்கும் பெண் "ஒரு நிமிடம்தான் மிச்சம்" என்று சொல்லும்வரை.

அவள் கதிரையில் இறங்கினாள். நான் ஸ்கீயில்தான் இறங்கினேன். பாதி வழி முதுகில் என்று யோகன் சொல்லுவான். அவன் கணக்கை யார் கேட்டது? கீழே வந்ததும் மல்லிகா கட்டிக்கொண்டு வந்த மட்டன் ரோல்ஸ் முழுவதையும் வால்டரிடம் கொடுத்தாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார்.

அடுத்தடுத்த குளிர்காலங்களில் ஸ்காபரோவில் இருந்து வான் வானாக ஆள் கூட்டிப் போனேன். என்னைத் திட்டிய சொந்தக்காரரும் வந்தார்கள். அந்த மலையை மூடப் போகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் கதை வரும். இன்னும் மூடவில்லை.

வால்டர் இப்போது இல்லை. கோலிங் கார்ட்டும் இல்லை. சிவம் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தினமும் வாட்ஸப்பில் முகம் காட்டுகிறான். மலையடிவாரத்திலும் நல்ல சிக்னல்.

ஆனாலும் மல்லிகா ஒவ்வொரு குளிர்காலமும் அந்தக் கதிரையில் ஏறி உச்சிக்குப் போவாள். கையுறையைக் கழற்றி, அவனுக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைப்பாள். கீழே இருந்தே எடுக்கலாமே என்று நான் சொல்லுவதில்லை.

உடனே அவளுடைய போன் அடிக்கும்.

"என்ன அக்கா... மலையிலையோ?"