குமரேசனும் நானும் பூட்டின ரைபிள்

போன வாரம் அரூரிலிருந்து சேலம் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பொண்ணு, கழுத்தில் கம்பெனி அட்டை, காதில் ஹெட்போன். செல்போனைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எனக்கு ஒரு மேகசின் போடுங்கண்ணா, ப்ளீஸ்ண்ணா" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தது. செல்போனில் துப்பாக்கி விளையாட்டு; மேகசின் என்றால் தோட்டா அடைக்கிற டப்பா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது என்னை ஒரு முறை முறைத்ததே, பாப்பாரப்பட்டி வரைக்கும் ஓடிவிடலாம் போல இருந்தது.

தப்பாக நினைக்காதீர்கள். நிஜத் துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. பேங்க் வாசலில் வாட்ச்மேன் மடியில் ஒன்று கிடந்தாலே அந்தப் பக்கம் சுற்றிப் போகிற வீரன் நான். ஆனால் செல்போனுக்குள் ஒரு ரைபிளை பார்ட் பார்ட்டாகப் பூட்டியிருக்கிறேன். பூட்டிக் கொடுத்தது குமரேசன்.

ஊரடங்கு சமயம். ஓசூர் கம்பெனியைச் சாத்திவிட்டார்கள், நான் நல்லம்பள்ளி பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வூட்டில் மாட்டுக் கொட்டாயில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் இன்றைக்கும் எங்காவது சாணி வாசம் அடித்தால் எனக்குத் துப்பாக்கி ஞாபகம்தான் வருகிறது. இதை டாக்டரிடம் சொன்னால் என்ன எழுதிக் கொடுப்பாரோ தெரியாது.

அந்த விளையாட்டில் முன்பின் தெரியாத நாலு பேரை ஒரு டீமில் போட்டு, தீவில் இறக்கிவிடுவார்கள். ஒருநாள் சாயங்காலம் என் டீமில் ஒருத்தன் தமிழில் பேசினான். எங்கேயோ கேட்ட குரல். அந்த நேரம் பார்த்து எங்கள் சேவல் கூவியது. ஒரு தடவை என் முதுகுக்குப் பின்னால், உடனே இன்னொரு தடவை ஹெட்போனுக்குள்ளே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் பக்கத்து வூடு!

"டேய், குமரேசனா?"

"தெரியுதில்ல? அப்புறம் என்னா கேள்வி. குனிஞ்சு ஓடுடா, சுடறான்."

குமரேசன் எங்கள் பெரியப்பா மகன். என் வயசுக்காரன். பெங்களூரில் ஏசி மெக்கானிக், அவனும் ஊரடங்கில் ஊருக்கு வந்திருந்தான். சின்ன வயசில் ஒரே தட்டில் தின்றவர்கள்தான். அப்புறம் கெணத்துப் பாதையில் பெரியப்பாவின் டிராக்டர் போகக்கூடாது என்று எங்கப்பா குறுக்கே கல்லை நட்டார். அதோடு ரெண்டு வூட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. கல்யாணத்துக்குப் போனால்கூட வேறு வேறு பந்தி. நான் அவனோடு பேசுவது தெரிந்தால் அப்பா செல்போனைக் கெணத்தில் வீசியிருப்பார். செல்போன் போனால் போகட்டும், இத்தனை வருசம் கழித்துக் கிடைத்தவன் மறுபடியும் போய்விடுவானே என்றுதான் ஹெட்போன் மாட்டாமல் நான் விளையாட்டையே திறக்கமாட்டேன்.

எங்கள் ரைபிளைச் சொல்கிறேன். அதற்குப் போடுவது பிஸ்டல் தோட்டா. தட்டுகிற தட்டுக்கு ஒரு குண்டுதான் போகும். மற்றவர்கள் கண்டால் சிரிப்பார்கள். பெரிய ரைபிளெல்லாம் என் கையில் நிற்காது, சுட்டால் குழல் எகிறி வானத்தைப் பார்க்கும். இது சாதுவானது. குமரேசன் அந்தத் தீவில் வூடு வூடாகப் புகுந்து தேடி கைப்பிடி, சைலன்சர், பெரிய மேகசின் என்று என் காலடியில் கொண்டுவந்து போடுவான். அப்புறம் டியூனிங், விரல் பட்டால் துப்பாக்கி எவ்வளவு திரும்பவேண்டும் என்கிற அளவு. ஏசி ரிப்பேர் பண்ணுகிறவன் இல்லையா, விடமாட்டான். "சென்சிடிவிட்டிய கொஞ்சம் கொற. செவுத்துல சுடு. இன்னும் ஆடுது பாரு. கொற." எதிரி வந்து எங்களைச் சுட்டுத் தள்ளுகிற வரைக்கும் டியூனிங் நடக்கும். ஜெயித்த ஞாபகம் அவ்வளவாக இல்லை.

இந்த சந்தோசத்தில் மண் விழுந்தது எங்கள் செவலைப் பசுவின் கன்றுக்குட்டியால். என் ஹெட்போன் வயரை மென்று தின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டு விளையாடினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா புல்லுக்கட்டோடு நிற்கிறார்! மாட்டுக்குப் புல்லை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ராத்திரி செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

மறுநாள் அவரே வந்து நின்றார். "அவனுக்குச் சளியா? கொரலு கட்டியிருக்குது."

அதற்கடுத்த நாள், "உங்க பெரியப்பனுக்கு முட்டிவலி எப்பிடி இருக்குதாம்? எனக்கொன்னும் வேணாம், சும்மா கேட்டன்."

விளையாடிக்கொண்டே குமரேசனிடம் கேட்டேன். அவன் சொன்னான்: "ரைட்ல ஒருத்தன்டா! மாத்திர போடறாரு, பரவால்லயாம். மாடியில இன்னொருத்தன்! எங்கப்பா கேக்கறாரு, உங்க செவல போட்டது கெடேரிக் கன்னுக்குட்டியாம்மே?"

இப்படியே ஆவணி பிறக்கிற வரைக்கும் ஓடியது. குண்டுமழைக்கு நடுவில் முட்டிவலியும் மாடும் மழையும் போய் வந்தன. ஒருநாள் அப்பா கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கெணத்துப் பாதையில டிராக்டர ஓட்டிக்கச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் குமரேசன் செல்போனோடு பெரியப்பாவிடம் ஓடுகிற சத்தம். விளையாட்டில் எங்கள் ரெண்டு பொம்மைகளும் நட்டநடு வயலில் அப்படியே நின்றன. எவனோ சாவகாசமாகச் சுட்டான். டீமில் இருந்த இந்திக்காரன் "பாய், கியா ஹுவா, பாய்" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டுக் கத்துகிறான். அவன் கத்தலுக்கு நடுவில் பெரியப்பா குரல்.

"தம்பி... இருக்கறயாடா?"

அப்பா செல்போனை என் கையிலிருந்து வாங்கி, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இருக்கறண்ணா" என்றார். நான் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

காலையில் அப்பாவே கடப்பாரையோடு போய்க் கல்லைப் பிடுங்கினார். அதிலிருந்து தினமும் கெணத்து மேட்டில் ரெண்டு பேரும் உட்கார்ந்துகொண்டு ஓயாத பேச்சு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்து வரமாட்டார்கள்.

அந்த விளையாட்டை அப்புறம் தடை செய்துவிட்டார்கள். எங்கள் ரைபிளும் அதோடு போச்சு. குமரேசன் பெங்களூருக்கும் நான் ஓசூருக்கும் திரும்பிவிட்டோம். அடுத்த தை பிறப்பதற்குள் பெரியப்பாவும் நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்த அன்றைக்கு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏண்டா, அந்தத் துப்பாக்கி வெளையாட்டு கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக்கூடாதா?"

அது ஊரடங்குக்கு ரெண்டு வருசம் முன்னாடியே வந்துவிட்டதுதான். நான் அவரிடம் சொல்லவில்லை.