இரண்டு பாக்ஸுக்கு நடுவில்

மைக்செட் தொழிலில் செஞ்சி வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, என்னிடம் வேலை கற்று எதிரிலேயே கடை போட்டவன் சொல்கிறான். படிப்பு ஐந்தாவது. குழாய் ஸ்பீக்கரை மலைப்பக்கம் திருப்பினால் சத்தம் முட்டித் திரும்பும், எந்த இடத்தில் எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் நானே கண்டுபிடித்தது. நான் ரிப்பேர் பார்த்த செட்டு மறுபடி கடைக்கு வந்ததே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒன்று வந்தது.

மேல்சித்தாமூரில் இருக்கும் ரிட்டையரான கணக்கு வாத்தியாருடையது. இசைத்தட்டு போடுகிற செட்டு, இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். இடது பாக்ஸில் கரகரப்பு என்று கொடுத்தார். போட்டுப் பார்க்க ஒரு தட்டும் தந்தார். அமெரிக்காக்காரர்கள் ஊதுகிற ஜாஸ் என்றார். கரகரப்பு ஐந்து நிமிட வேலை. ஆனால் தட்டைப் போட்டால், வலது பாக்ஸில் ஒரு குழல் கத்துகிறது, இடதில் வேறு குழல் வேறு எதையோ கத்துகிறது. டிரம்மும் பக்கத்துக்கு ஒன்று. செட்டுக்குள்தான் கோளாறு என்று நினைத்து, இரண்டு பக்க ஒயரையும் ஒன்றாக முறுக்கி, இரண்டு பாக்ஸிலும் ஒரே சத்தம் வர வைத்தேன். திருவிழாவில் நாற்பது குழாய் கட்டினாலும் ஒரே பாட்டுதானே!

இரண்டாம் நாள் வாத்தியார் ஆட்டோவில் செட்டோடு வந்து இறங்கினார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கிற? ரெண்டு பாக்ஸும் ஒரே மாதிரி கத்துது."

"ஒரே மாதிரி வந்தாத்தான சார் நல்ல செட்டு?"

"எட்டு பேர் வாசிக்கிறாங்கய்யா. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். நீ எல்லாரையும் ஒரே பெஞ்சுல நெருக்கி உட்கார வச்சிட்ட."

டீக்கடையில் இவர் ஒரு வார்த்தை விட்டால் போதும், எதிர்க்கடைக்காரன் பேனரே அடித்துவிடுவான். முறுக்கிய ஒயரைப் பிரித்தேன். வாத்தியார் பாக்ஸ்களை எட்டடி தள்ளி வைத்து, அதே தட்டைப் போட்டுவிட்டு, நடுவில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

ஆடி மாதத்தில் இரண்டு கோயில் குழாய் எதிரெதிரே அலறும் தெரு நடுவில் நின்றால் எப்படி இருக்கும்? அந்த இடத்தை விட்டு ஓடியே பழகியவன் நான். இங்கே அதுதான் நல்ல இடம். இந்தப் பக்கத்துக் குழல் ஒன்று சொல்ல, அந்தப் பக்கத்தது குறுக்கே விழுகிறது, கேலி செய்கிறது, பிறகு விட்டுக்கொடுக்கிறது. யாரும் தாளம் எண்ணவில்லை, ஆனால் யாரும் யாரையும் கைவிடவும் இல்லை. திடீரென்று எட்டு பேரும் சேர்ந்து ஒரு ஊது ஊதினார்கள் பாருங்கள், உள்ளங்காலில் இருந்து சிலிர்த்தது. ஒரு தடவை கேட்டதிலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வாத்தியாருக்கு ஒரு மாதம் ஆனதாம்.

சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள். "இன்னாங்க, யாரு சண்டை போடறது?"

"சண்டை இல்ல, பேசிக்கிறாங்க. உட்காரு."

"எங்க அக்கா தங்கச்சிங்க ஒண்ணு சேர்ந்தா இப்படித்தான் இருக்கும்" என்றவள், உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாண ஆர்டர் பேச இரண்டு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பாவும் மாமாவும். அப்பா காதைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "இன்னாண்ணே, செட்டு ரிப்பேரா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"செட்டு நல்லாத்தான் இருந்துது. நான்தான் புரியாம கெடுத்து வச்சேன். இப்பதான் சரி பண்ணேன்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து வீட்டுக்காரியே கேட்டதில்லை. "இப்படி நடுவுல வந்து குந்துங்க, கேளுங்க."

மாமா உட்கார்ந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார்.

"ஆர்டர் உனக்குத்தாண்ணே. ஆனா கல்யாணத்துல மட்டும் இதைப் போட்றாத."

"போடமாட்டேன்" என்றேன். "உங்க மண்டபம் இதுக்குப் பத்தாது."