பிழையே இல்லாத முதல் முயற்சி

உளவியல் செய்முறை என்றாலே எனக்கு அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வரும். மேசையில் ஆறுமுனை நட்சத்திரம் போட்ட தாள், அதை மறைக்க ஒரு பலகை, எதிரே கண்ணாடி. தாளை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் பார்த்தே இரட்டைக் கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே போகும். கோட்டைத் தொட்டால் பிழை. வரைய வரையப் பிழை குறையும். அதுதான் கற்றல் வளைவு என்று பி.எட். வகுப்பில் சொல்லித்தந்தார்கள்.

சங்கரன்கோவிலில் நாங்கள் படித்தபோது ஒரு வழக்கம் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சோதனையை யாரும் செய்வதில்லை. சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுவோம். முதல் முயற்சியில் இருபத்தேழு பிழை, ஐந்தாவதில் நான்கு. வருடா வருடம் அதே இருபத்தேழு! நானும் வரைபடம் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இதில் தோற்றால் என் ஆசிரியர் கனவுக்கு முழுக்குத்தான்.

தேர்வில் சோதனையை நடத்துபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர். அன்று எனக்காக வரைய உட்கார்ந்தவர் என் வகுப்புத் தோழி. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு படிக்க வந்தவர். புளியங்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வகுப்பே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். வெளியூர்த் தேர்வாளர் பக்கத்தில் நிற்க, அக்கா பென்சிலை எடுத்தார். சரசரவென்று ஒரு சுற்று. ஒரு பிழை இல்லை. இரண்டாவதும் அப்படியே. என் ரெக்கார்டிலோ முதல் முயற்சிக்கே இருபத்தேழு பிழை! அக்காவோ பெருமையாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“முன்னாடியே வரைஞ்சு பழகினீங்களா?” என்று கேட்டார் தேர்வாளர்.

“ஆமா சார். இவ மார்க்கு போயிரக் கூடாதுல்லா? ஏழு நாளா பீரோ கண்ணாடி முன்னால உக்காந்து வரைஞ்சேன். எம்மவ சோத்துத் தட்டை வச்சுத் தாளை மறைச்சுப் பிடிச்சுக்கிட்டா.”

தொலைந்தேன் என்று நினைத்தேன். தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டினார். “அப்போ இந்த இருபத்தேழு பிழை யார் போட்டது?” என்றார்.

முதலில் பிழை விழுந்திருக்க வேண்டும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. பதறிப்போய்ப் பையைக் குடைந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து மேசையில் போட்டார். எல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு நட்சத்திரம், முன்பக்கம் அன்றன்றைய தேதி. முதல் நாள் கோழி கிளறியதுபோல இருந்தது. நாளாக நாளாகக் கோடு நிதானத்துக்கு வந்து, ஏழாம் நாள் படு சுத்தம்.

தேர்வாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “பழைய வரைபடத்தை அடிச்சிரும்மா. இதை எண்ணிப் போடு.” எண்ணினேன். முதல் நாள் நாற்பத்தொன்று. நான் நேர்மையாகப் போட்ட முதல் கற்றல் வளைவு அதுதான்.

“சரி, ஊக்கி இல்லாமக் கற்றல் நடக்காதே. இவங்களுக்கு நீ என்ன கொடுத்தே?” என்றார்.

பரிசு, பாராட்டு என்று ஊக்கிகளின் வகைகளை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அழுகைதான் வந்தது. “ஒண்ணுமே கொடுக்கலை சார்.”

“ஏட்டி, நான்தான் தப்பில்லாம வரைஞ்சிட்டேன்லா, பெறவு எதுக்கு அழுத?” என்று அக்கா அதட்டினார்.

இன்று நான் மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அன்று ரெக்கார்டில் ‘ஊக்கி’ என்ற இடத்தை மட்டும் நிரப்பத் தெரியாமல் காலியாக விட்டுவிட்டேன். தேர்வாளர் அதற்கும் மதிப்பெண் போட்டிருந்தார்.